ஜெயித்தால் 6, தோற்றால் 14: செஸ் ரேட்டிங் எப்படித்தான் கணக்காகிறது?

சென்னையில் ஒரு ரேட்டிங் டோர்னமென்ட் நடக்கும் மண்டபத்துக்கு வெளியே அரை மணி நேரம் நின்றால் போதும். செஸ்ஸைப் பற்றித் தெரிகிறதோ இல்லையோ, ரேட்டிங்கைப் பற்றி நிறையக் காதில் விழும். "பையனுக்கு எத்தனை?" என்பதுதான் அங்கே முதல் விசாரிப்பு, பெயர், பள்ளி, எந்த ஏரியா என்பதெல்லாம் அப்புறம்தான். "ஒன்பதுல அஞ்சு ரவுண்ட் ஜெயிச்சும் ரேட்டிங் இறங்கிடுச்சு, ஏதோ தப்பா ஏத்திட்டாங்க சார்" என்று ஓர் அப்பா புலம்புவார். "இந்தச் சின்னப் பசங்களோட உக்காந்தா என் பாயிண்ட் எல்லாம் அவங்களுக்குப் போயிடுது" என்பார் ஆடி முடித்து வெளியே வந்த பெரியவர். "ஆன்லைன்ல அவளுக்கு 1900 இருக்கு, இங்க ஏன் 1600தான் காட்டுது?" என்று ஓர் அம்மாவுக்குச் சந்தேகம்.

மூவருக்கும் பதில் இருக்கிறது. கூட்டல், கழித்தல், பெருக்கல் தெரிந்தவர் யாரும் அந்தக் கணக்கைப் போட்டுவிடலாம். செஸ் ஆடத் தெரிய வேண்டும் என்றுகூட இல்லை.

மார்க் என்று நினைத்தால் புரியாது

பரீட்சையில் 80 வாங்கினால் அது 80தான். பக்கத்தில் உட்கார்ந்து எழுதியவர் யார் என்பதைப் பொறுத்து அது மாறாது. ரேட்டிங்கையும் நாம் அப்படியே பார்க்கிறோம்: ஜெயித்தால் ஏற வேண்டும், நிறைய ஜெயித்தால் நிறைய ஏற வேண்டும். இங்கேதான் கோளாறு.

ரேட்டிங் என்பது ஒரு கணிப்பு. இரண்டு பேரின் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அவர்கள் மோதும்போது யாருக்கு எவ்வளவு கிடைக்கும் என்று அது முன்கூட்டியே சொல்லப் பார்க்கிறது. ஆட்டம் முடிந்ததும் கணிப்பும் நடந்ததும் எவ்வளவு விலகின என்று பார்த்து, அந்த விலகலுக்கு ஏற்ப இரண்டு எண்களையும் கொஞ்சம் திருத்துகிறது. கணிப்பு ஏறக்குறைய சரியாக இருந்தால் எண் அசையவே அசையாது. முழுக்கத் தப்பினால் நன்றாக அசையும். ஒருவர் வெறும் 1600 என்றால் அதற்குத் தனியாக அர்த்தம் எதுவும் கிடையாது. எதிரில் உட்கார்ந்திருப்பவரின் எண் தெரிந்தால்தான் அது பேசும்.

இந்த முறையை வகுத்தவர் ஆர்பாட் ஈலோ. 1903இல் ஹங்கேரியில் பிறந்து, அமெரிக்காவில் மில்வாக்கி நகரின் மார்க்கெட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவர். அவரே நல்ல செஸ் ஆட்டக்காரர். அமெரிக்க செஸ் கூட்டமைப்பு 1960இல் இந்த முறையை எடுத்துக்கொண்டது. உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே 1970இல் ஏற்றது. நம்ம ஊர் மேனுவல் ஆரோன் 1961இல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனபோது ஃபிடே ரேட்டிங் என்ற ஒன்றே இல்லை.

கேரம் போர்டில் நூறு ரூபாய்

வடசென்னைத் தெருக்களில் கேரம் கிளப்புகளுக்குக் குறைவில்லை. அப்படி ஒரு கிளப்பில் இரண்டு பேர் நூறு ரூபாய்ப் பந்தயத்துக்கு ஆடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் சமமானவர்கள் என்றால் ஆளுக்கு 50 போடுவார்கள், ஜெயித்தவர் நூறையும் எடுத்துக்கொள்வார். ஆனால் ஒருவர் கைதேர்ந்தவர், பத்து ஆட்டத்தில் ஏழு அவருக்குத்தான் என்று தெருவுக்கே தெரியும் என்றால், மற்றவர் 50 போடச் சம்மதிப்பாரா? "நீ எழுபது போடு, நான் முப்பது போடுறேன்" என்பார். அதுதான் நியாயமும்கூட.

இப்போது கைதேர்ந்தவர் ஜெயித்தால் அவருக்கு லாபம் 30 ரூபாய்தான். தோற்றால் 70 போச்சு. பத்து ஆட்டம் ஆடி, ஊர் சொன்னபடியே ஏழு ஜெயித்து மூன்று தோற்றால் லாபம் 210, நஷ்டம் 210. பாக்கெட்டில் வந்ததும் இல்லை, போனதும் இல்லை. ஏழு ஜெயித்தும் லாபம் பூஜ்யம் என்றால், ஊர் அவரைப் பற்றி நினைத்திருந்தது சரி என்று மட்டுமே அதற்கு அர்த்தம்.

செஸ் ரேட்டிங் இதேதான். ஆட்டம் தொடங்கும் முன்பே இரண்டு பேரும் தங்கள் எண்ணுக்கு ஏற்றபடி புள்ளிகளை நடுவில் வைக்கிறார்கள். ஜெயித்தவர் எல்லாவற்றையும் எடுக்கிறார். டிரா என்றால் பாதிப் பாதி. பலமானவர் அதிகம் வைத்திருப்பதால், டிரா ஆனாலே அவருக்கு நஷ்டம்.

யார் எவ்வளவு வைக்க வேண்டும்?

கேரமில் தெரு தீர்மானித்ததை, செஸ்ஸில் ஓர் அட்டவணை தீர்மானிக்கிறது. இரண்டு ரேட்டிங்குக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். வித்தியாசம் பூஜ்யம் என்றால் ஆளுக்கு 0.50. 100 புள்ளி வித்தியாசம் என்றால் பலமானவருக்கு 0.64, 200 என்றால் 0.76, 300 என்றால் 0.85, 400 என்றால் 0.92. ஒன்றிலிருந்து இதைக் கழித்தால் வருவது எதிராளியின் பங்கு. இந்தத் தசம எண்ணுக்கு எதிர்பார்ப்பு என்று பெயர் வைத்துக்கொள்வோம்: ஓர் ஆட்டத்தில் ஒருவருக்குச் சராசரியாக எவ்வளவு பாயிண்ட் கிடைக்கும் என்ற கணிப்பு. வெற்றிக்கு 1, டிராவுக்கு அரை, தோல்விக்கு 0 என்ற வழக்கமான கணக்கில்தான்.

0.64 என்றால் நூற்றுக்கு 64 ஆட்டம் ஜெயிப்பார் என்று பொருள் கொள்ளக் கூடாது. டிராவில் வரும் அரைகளும் அதில் அடக்கம். 50 ஜெயித்து, 28 டிரா செய்து, 22 தோற்றாலும் 64தான்.

வித்தியாசம் மட்டும்தான் கணக்கு என்பதையும் கவனியுங்கள். 1500க்கும் 1600க்கும் இடையே உள்ள 100 புள்ளியும், 2600க்கும் 2700க்கும் இடையே உள்ள 100 புள்ளியும் இந்த அட்டவணைக்கு ஒன்றே. வித்தியாசம் 400ஐத் தாண்டினால், நம்மைப் போன்ற சாதாரண ஆட்டக்காரர்களுக்கு அதை 400 என்றே எடுத்துக்கொள்வார்கள். அதனால் எதிராளியைவிட எவ்வளவு பலமாக இருந்தாலும், அவர்களுக்கு ஒவ்வொரு வெற்றிக்கும் கொஞ்சமாவது கிடைக்கும்.

முதலில் புலம்பிய அப்பாவுக்கு இங்கேயே பதில் வந்துவிடுகிறது. அவர் பையனுக்கு 1700 என்றும், எதிராளிகள் எல்லாரும் 1600 பக்கம் என்றும் வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் எதிர்பார்ப்பு 0.64. ஒன்பது ரவுண்டுக்கு 5.76. பையன் எடுத்தது 5. எதிர்பார்த்ததைவிட முக்கால் பாயிண்ட் குறைவு, ஆகவே ரேட்டிங் இறங்கியது. யாரும் எதையும் தப்பாக ஏற்றவில்லை.

இதுவரை வந்தது இவ்வளவுதான்: இரண்டு எண்களின் வித்தியாசம் எதிர்பார்ப்பைத் தருகிறது, எடுத்த பாயிண்டில் இருந்து எதிர்பார்ப்பைக் கழித்தால், ஏற்றமா இறக்கமா என்று தெரிந்துவிடும்.

ஓர் ஆட்டம், இரண்டு பேர்

இனி ஒரு கற்பனை ஆட்டம். மேடவாக்கத்திலிருந்து வரும் வங்கி ஊழியர் ஒருவர், வயது நாற்பதுக்கு மேல், ரேட்டிங் 1742. அம்பத்தூரிலிருந்து வரும் பத்து வயதுச் சிறுமிக்கு 1601. ஞாயிற்றுக்கிழமை காலை ரவுண்ட். ஆளுக்கு 90 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 விநாடி கூடுதல். அவருக்கு வெள்ளை.

இந்த இரண்டு பேரும் எதிரெதிரே வந்தது சீட்டுக் குலுக்கிப் போட்டு இல்லை. இப்படிப்பட்ட ஓப்பன் டோர்னமென்ட்களில் யாரையும் வெளியே அனுப்ப மாட்டார்கள். எல்லாரும் எல்லா ரவுண்டும் ஆடுவார்கள். ஸ்விஸ் முறை என்பார்கள். முதல் ரவுண்டில் ரேட்டிங் வரிசையின் மேல் பாதிக்கும் கீழ்ப் பாதிக்கும் ஜோடி போடுவார்கள், அப்புறம் ஒரே அளவு பாயிண்ட் எடுத்தவர்களை மோதவிடுவார்கள்.

ஆட்டத்துக்கு வருவோம். இத்தாலியன் ஓப்பனிங்கில் ஆரம்பித்து இருபதாவது நகர்த்தல் வரை பெரிதாக ஒன்றும் இல்லை. பிறகு சிறுமி ஒரு கணக்கைத் தவறவிடுகிறாள். ஒரு பிஷப்பைக் கொடுத்து அவளுடைய யானையை அவர் எடுத்துவிடுகிறார். நல்ல ஆதாயம். இங்கிருந்து ஜெயிக்க வேண்டிய ஆட்டம்தான். ஆனால் அமெச்சூர் ஆட்டத்தில் ஆதாயம் கிடைத்த பிறகுதான் நிஜமான ஆபத்து. இனித் தப்பே செய்யக் கூடாது என்று அவர் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் எட்டு நிமிடம், பத்து நிமிடம் என்று யோசிக்கிறார். முப்பத்தைந்தாவது நகர்த்தலுக்கு வரும்போது கடிகாரத்தில் சேமிப்பு எதுவும் இல்லை. கூடுதலாகக் கிடைக்கும் அந்த 30 விநாடியில்தான் பிழைப்பு. அவசரத்தில் ஒரு சிப்பாயை முன்னே தள்ளுகிறார். அந்தச் சிப்பாய் அதுவரை பாதுகாத்துவந்த கட்டத்தில் அவளுடைய குதிரை வந்து இறங்குகிறது: ராஜாவுக்குச் செக், அதே நகர்த்தலில் ராணியும் மாட்டுகிறது. இரண்டு நிமிடம் போர்டையே பார்த்துவிட்டுக் கை கொடுக்கிறார்.

"அங்கிள், நீங்க அப்போ யானையை ஏழாவது வரிசைக்குக் கொண்டுவந்திருந்தா நானே ரிசைன் பண்ணியிருப்பேன்" என்கிறாள் அவள், ஆறுதலாகத்தான்.

ரேட்டிங்குக்கு இதில் எதுவும் தெரியாது. முப்பது நகர்த்தல் வரை யார் முன்னிலையில் இருந்தார், யார் அழகாக ஆடினார், யாருக்கு நேரம் போதவில்லை, எத்தனை நகர்த்தலில் முடிந்தது, எதுவும் தெரியாது. வெள்ளைக்குக் கொஞ்சம் சாதகம் என்று செஸ் ஆடும் எல்லாருக்கும் தெரியும். அதைக்கூட இந்தக் கணக்கு எடுத்துக்கொள்வதில்லை. 1742, 1601, வெள்ளை 0, கறுப்பு 1. இந்த நான்கு எண்கள் போதும். ஆட்டமே நடக்காமல், எதிராளி வராததால் கிடைக்கும் பாயிண்டையும் அது கண்டுகொள்ளாது. டோர்னமென்ட் வரிசையில் அந்தப் பாயிண்ட் சேரும், ரேட்டிங்கில் சேராது.

வித்தியாசம் 141. அட்டவணைப்படி அவருடைய எதிர்பார்ப்பு 0.69, அவளுடையது 0.31. அவர் எடுத்தது 0, எதிர்பார்ப்பைவிட 0.69 குறைவு. அவள் எடுத்தது 1, எதிர்பார்ப்பைவிட 0.69 அதிகம். இந்த 0.69ஐப் புள்ளிகளாக மாற்ற இன்னும் ஒரே ஒரு எண் வேண்டும்.

கே என்ற ஒரு பெருக்கல்

அந்த எண்ணின் பெயர் கே. பந்தயத்தில் நடுவில் வைத்த நூறு ரூபாய்தான் இது: மொத்தத் தொகை எவ்வளவு என்று சொல்வது. ஃபிடேயில் அது எல்லாருக்கும் ஒன்றல்ல. பட்டியலுக்குப் புதிதாக வந்தவருக்கு 30 ஆட்டம் முடியும் வரை 40. பதினெட்டு வயது முடியும் ஆண்டின் கடைசி வரை, ரேட்டிங் 2300க்குக் கீழே இருந்தால், அப்போதும் 40. மற்றவர்களுக்கு 20. ஒருமுறை 2400ஐத் தொட்டுவிட்டால் 10. பிறகு இறங்கினாலும் அந்த 10 மாறாது.

காரணம் எளிது. பத்து வயதுக் குழந்தையின் ஆட்டம் மூன்று மாதத்தில் தலைகீழாக மாறலாம், அதனால் எண்ணும் வேகமாக ஓட வேண்டும். இருபது வருடமாக ஆடும் கிராண்ட்மாஸ்டரைப் பற்றி ஏற்கெனவே நிறையத் தெரியும். ஓர் ஆட்டத்தை வைத்து அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ள அவசியம் இல்லை.

நம் ஆட்டத்துக்கு: வங்கி ஊழியரின் கே 20. 0.69ஐ 20ஆல் பெருக்கினால் 13.8. அவ்வளவு இறங்குகிறது. சிறுமியின் கே 40. 0.69 பெருக்கல் 40, அதாவது 27.6 ஏறுகிறது. அவர் ஜெயித்திருந்தால் 6.2 ஏறியிருக்கும். டிராவாக முடித்திருந்தால் 3.8 இறங்கியிருக்கும்.

"என் பாயிண்ட் எல்லாம் அவங்களுக்குப் போயிடுது" என்ற பெரியவரின் குறை ஞாபகம் இருக்கிறதா? அவரிடமிருந்து போனது 13.8, அவளுக்கு வந்தது 27.6. மீதி 13.8 எங்கிருந்து வந்தது? யார் பாக்கெட்டிலிருந்தும் இல்லை. கேரம் பந்தயத்திலிருந்து செஸ் ரேட்டிங் விலகும் இடம் இது. இரண்டு பேரின் கே ஒன்றாக இருந்தால்தான் ஒருவர் இழப்பதும் மற்றவர் பெறுவதும் சமமாக இருக்கும். கே வேறு வேறு என்றால், இரண்டும் தனித்தனியாகப் போடப்படும் இரண்டு கணக்குகள்.

சாம்பியன் ஆனார், 6 புள்ளி இறங்கியது

இந்தக் கணக்கை நம்ப மறுப்பவர்களுக்குக் காட்ட, சென்னைக்காரர் ஒருவரின் உதாரணமே இருக்கிறது. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில், அதுவரை உலக சாம்பியனாக இருந்த டிங் லிரனை 7.5க்கு 6.5 என்று வென்று, 18 வயதில் குகேஷ் உலக சாம்பியன் ஆனார். ஊரே கொண்டாடியது. 2025 ஜனவரி 1 பட்டியலில் அவருடைய ரேட்டிங் 2783இலிருந்து 2777 ஆகியிருந்தது. தோற்ற டிங் 2728இலிருந்து 2734க்கு ஏறியிருந்தார்.

நாமே போட்டுப் பார்க்கலாம். வித்தியாசம் 55. அதற்கு அட்டவணையில் 0.58. பதினான்கு ஆட்டத்துக்குக் குகேஷின் எதிர்பார்ப்பு 8.12. அவர் எடுத்தது 7.5, அதாவது 0.62 குறைவு. கே 10. 6.2 இறங்கியது. இருவருக்கும் ஒரே கே என்பதால் அதே 6.2 டிங்குக்குச் சேர்ந்தது. பட்டத்துக்கு யார் முன்னால் வந்தார் என்பது கணக்கு. ரேட்டிங்குக்குக் கணிப்பு எவ்வளவு தப்பியது என்பது கணக்கு. இரண்டும் வேறு வேறு வேலை. குழந்தை கோப்பையோடு வீட்டுக்கு வரும் நாளில் ரேட்டிங் இறங்கினால் முகம் சுளிக்கும் பெற்றோர்கள் இந்த ஓர் உதாரணத்தையாவது நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

முதல் எண் எப்படி வருகிறது?

முதல் ரேட்டிங் கிடைக்க, ஏற்கெனவே ரேட்டிங் உள்ளவர்களோடு குறைந்தது ஐந்து ஆட்டமாவது ஆடியிருக்க வேண்டும். ஒரே டோர்னமென்டில் முடியாவிட்டால் இரண்டு மூன்றில் சேர்த்துக்கொள்ளலாம். முதல் டோர்னமென்டில் ரேட்டிங் உள்ளவர்களிடம் ஒரு பாயிண்டும் எடுக்காமல் போனால் அது கணக்கிலேயே வராது, கவலை வேண்டாம்.

2024இலிருந்து இதில் ஒரு புதுமை. அந்த ஐந்தோடு, 1800 ரேட்டிங் உள்ள இரண்டு கற்பனை எதிராளிகளோடு டிரா செய்ததாகவும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஐந்தே ஆட்டத்தை நம்பி எண் எங்கெங்கோ போய்விடாமல் இழுத்துப் பிடிக்கும் கயிறு அது. 1600 பக்கம் உள்ள ஐந்து பேரிடம் 2 பாயிண்ட் எடுத்த குழந்தைக்கு, இந்த இரண்டு டிரா சேர்ந்தால் சுமார் 80 புள்ளி கூடுதலாகக் கிடைக்கும். முதல் எண்ணைப் பார்த்து இனிப்பு வாங்கிக் கொடுத்தவர்கள், அடுத்த டோர்னமென்டில் அது இறங்கியதும் கோச்சை மாற்றக் கிளம்பிவிடுவதுண்டு. பாவம் கோச்.

1400 என்ற தரை

அதே ஆண்டு மார்ச் 1 அன்று இன்னொரு பெரிய மாற்றமும் நடந்தது. 2000க்குக் கீழே இருந்த எல்லாருடைய ரேட்டிங்கும் ஒரே இரவில் ஏறியது. 2000க்கு எவ்வளவு குறைவோ அதில் நூற்றுக்கு 40 பங்கு. 1200இல் இருந்தவருக்கு 320 கூடி 1520, 1600இல் இருந்தவருக்கு 160 கூடி 1760. அதுவரை 1000 என்று இருந்த அடிமட்ட எண் 1400 ஆனது. இப்போது 1400க்குக் கீழே இறங்கினால் பட்டியலிலிருந்தே பெயர் போய்விடும். ரேட்டிங் இல்லாதவர் என்று ஆகிவிடுவார்.

ஏன் இப்படிச் செய்தார்கள்? தொடக்க காலத்தில் ஃபிடே பட்டியல் பலமான ஆட்டக்காரர்களுக்கு மட்டுமானதாக இருந்தது. அடிமட்ட எண்ணைப் படிப்படியாக இறக்கி இறக்கி, கடைசியில் 1000 வரை கொண்டுவந்தார்கள். அதோடு லட்சக்கணக்கில் குழந்தைகள் உள்ளே வந்தார்கள். 1100 என்ற எண்ணோடு நுழையும் குழந்தை, இரண்டு ஆண்டில் 1600க்கு உரிய ஆட்டத்தை ஆடத் தொடங்கிவிடுகிறது. அதன் எண் மட்டும் பின்னாலேயே நடந்துவருகிறது. அந்த இடைவெளியில் அதனிடம் தோற்கும் பெரியவர்கள் எல்லாருக்கும் தேவைக்கு மேல் இறக்கம். இப்படியே வருடக்கணக்கில் போனதால் கீழ்ப்பகுதி முழுவதும் அமுங்கிப்போயிருந்தது. அதைத்தான் தூக்கிவிட்டார்கள். ஆகவே 2019இல் ஒருவர் வைத்திருந்த 1500ஐயும் இன்றைய 1500ஐயும் ஒப்பிட்டுப் பேசுவது வீண்.

சுருக்கமாக: கே எவ்வளவு வேகத்தில் எண் நகரும் என்று சொல்கிறது, முதல் எண்ணுக்குத் தனி வழி, 2024க்கு முன்பு இருந்த எண்களும் பின்பு இருப்பவையும் ஒரே அளவுகோலில் இல்லை.

பெரியவரின் குறையில் பாதி உண்மை

நம் வங்கி ஊழியருக்கு ஒரு நியாயம் செய்ய வேண்டும். அவர் எதிரில் உட்கார்ந்த சிறுமிக்குப் பட்டியலில் 1601. ஆனால் தினமும் மாலை கோச்சிங், இரவில் ஆன்லைன் ஆட்டம், சனி ஞாயிறு டோர்னமென்ட் என்று இருக்கும் குழந்தையின் நிஜமான பலம் இன்று 1740ஆக இருக்கலாம். அப்படியானால் அது சரிசமமான ஆட்டம், அவர் 0.50 வைக்க வேண்டிய இடத்தில் 0.69 வைத்திருக்கிறார். பட்டியல் மாதம் ஒருமுறை, முதல் தேதியில்தான் புதுப்பிக்கப்படுகிறது. டோர்னமென்ட் தொடங்கும்போது இருந்த எண்தான் கடைசி ரவுண்ட் வரை. அவள் போன வாரம் இரண்டு சாம்பியன்களைத் தோற்கடித்திருந்தாலும் இன்றைய கணக்கில் அவள் 1601தான்.

எனவே குழந்தைகளிடம் தோற்கும்போது அதிகமாக இறங்குகிறது என்பது உண்மை. யாரோ திருடிக்கொண்டு போகிறார்கள் என்பது பொய். கே 40 என்று வைத்திருப்பதே அந்தக் குழந்தையின் எண்ணைச் சீக்கிரம் அதன் நிஜமான இடத்துக்குக் கொண்டுபோய், அடுத்து வரும் பெரியவரைக் காப்பாற்றத்தான்.

இதைவிட எனக்கு எரிச்சல் தருவது வேறு ஒன்று: ரேட்டிங்கைக் காப்பாற்றுவதற்காக ஆடாமல் இருப்பது. 1600க்குக் கீழே உள்ளவர்களுக்கு என்றே தனி டோர்னமென்ட்கள், தனிப் பரிசுகள் உண்டு. 1590இல் இருக்கும் குழந்தையை அந்தப் பரிசுக்காக மூன்று மாதம் மற்ற போட்டிகளுக்கு அனுப்பாமல் வைத்திருக்கும் வீடுகள் உண்டு. இன்னொரு பக்கம், 1803 வந்துவிட்டது, கீழே இறங்கிவிடும் என்று பயந்து ஒதுங்குபவர்கள். வங்கியில் போட்ட வைப்புத்தொகை மாதிரி அதைப் பூட்டிவைத்து என்ன பயன்? ஆடாத ஆளைப் பற்றிய பழைய கணிப்பாக மட்டுமே அந்த எண் அங்கே நிற்கும்.

ஆன்லைனில் 1900, மண்டபத்தில் 1600

ரேட்டிங் என்பது ஒரு கூட்டத்துக்குள் யார் எங்கே நிற்கிறார் என்று சொல்வது மட்டுமே. கூட்டம் மாறினால் எண்ணும் மாறும். ஃபிடேயிலேயே மூன்று தனிப் பட்டியல்கள்: நீண்ட நேர ஆட்டத்துக்கு ஒன்று, ரேபிட் என்ற வேக ஆட்டத்துக்கு ஒன்று, அதைவிட வேகமான பிளிட்ஸுக்கு ஒன்று. ஒன்றில் ஜெயித்தால் மற்றதில் ஏறாது.

ஆன்லைன் தளங்களோ முற்றிலும் வேறு கூட்டம், வேறு சூத்திரம். லிச்செஸ் தளத்தில் புதிதாக வருபவர் 1500இல் தொடங்குகிறார். அங்கேயும் செஸ்.காமிலும் ஈலோ முறைக்குப் பதில், மார்க் கிளிக்மன் என்ற புள்ளியியலாளர் உருவாக்கிய கிளிக்கோ வகை முறைகள். இவை எண்ணோடு சேர்த்து, அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்கின்றன. நெடுநாள் ஆடாதவர் திரும்ப வந்தால் எண் வேகமாக நகரும். ஆக, அந்த அம்மா பார்த்த 1900 பொய்யும் இல்லை, மண்டபத்தின் 1600 அநியாயமும் இல்லை. இரண்டையும் கழித்துப் பார்ப்பதில்தான் அர்த்தம் இல்லை.

மே மாதக் கணக்கு

கோடை விடுமுறையில் மட்டும் தலைகாட்டும் குழப்பம் ஒன்று மிச்சம் இருக்கிறது. பள்ளி இல்லை என்பதால் பல குழந்தைகள் மே மாதத்தில் ஒன்பது ரவுண்ட் டோர்னமென்ட் இரண்டு ஆடிவிடுவார்கள். எல்லா எதிராளிகளுக்கும் ரேட்டிங் இருந்தால், மொத்தம் 18 ஆட்டம். ஜூன் பட்டியல் வந்ததும் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டால் மூன்று நான்கு புள்ளி இடிக்கும்.

ஃபிடேயில் இதற்கு ஒரு விதி: ஒரு மாதப் பட்டியலுக்கான ஆட்டங்களின் எண்ணிக்கையைக் கேயால் பெருக்கினால் 700ஐத் தாண்டக் கூடாது. 18 பெருக்கல் 40 என்பது 720. எனவே அந்த மாதத்துக்கு மட்டும் கேயை 38 ஆகக் குறைத்துவிடுவார்கள். 18 பெருக்கல் 38, 684. நம் அம்பத்தூர்ச் சிறுமி இரண்டு டோர்னமென்டிலும் சேர்த்து எதிர்பார்ப்பைவிட ஒன்றரைப் பாயிண்ட் அதிகம் எடுத்திருந்தால், அவள் வீட்டில் எதிர்பார்த்தது 60, ஏறியிருப்பது 57. ஃபிடே தளத்தில் அவளுடைய பக்கத்தைத் திறந்தால் ஆட்டவாரியாகக் கணக்கு இருக்கும். அதில் கே என்ற இடத்தில் 38 என்று போட்டிருந்தால், ஆர்பிட்டருக்கு, அதாவது டோர்னமென்ட் நடுவருக்கு, போன் போட வேண்டியதில்லை.